கத்தியைக் கொடுக்காதவன் கையைக் குறை சொல்கிறான்

"கோட்டாவுல படிச்ச டாக்டர்கிட்ட ஆபரேஷன் பண்ணிக்குவியா?"

இடஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசுகிறவன் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். கோட்டாவில் வந்த தாசில்தாரிடம் பட்டா மாற்றுவாயா என்று கேட்கமாட்டான். கோட்டாவில் வந்த வாத்தியாரிடம் பிள்ளையை அனுப்புவாயா என்றும் கேட்கமாட்டான். நேராக ஆபரேஷன் தியேட்டருக்குள்தான் வருவான். ஏன்? அங்கே பயம் இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்த உடம்பு; பக்கத்தில் கத்தி. அந்தப் பயத்தில் சாதியைக் கரைத்துக் கொடுத்தால் குடிக்கிறவனுக்குச் சாதியின் ருசி தெரியாது. 'தகுதி, திறமை' என்று இனிக்கும்.

நான் காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவன். சேரியில் பிறந்தவன். எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். இரண்டையும் பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் படித்தவன். இந்தக் கேள்விக்கு வெளியே நின்று பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் தியேட்டருக்குள் நின்று சொல்கிறேன். அறுவை மருத்துவனின் கை எப்படி உண்டாகிறது, அதை உண்டாக்குகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது, யாருடைய கை உண்டாகாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதுதான் பேச வேண்டிய விஷயம். மார்க் அல்ல.

ஆனாலும் மார்க்கையும் பேசிவிடுவோம். மேற்படிப்பு நுழைவுத் தேர்வை 2016 வரை தமிழ்நாட்டில் மாநிலமே நடத்தியது. 2017 முதல் நீட் பி.ஜி. எதுவானாலும், கொடுத்திருக்கிற விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை. ரத்தம் பீறிட்டால் உன் கை என்ன செய்யும் என்று அதில் ஒரு கேள்வியும் கிடையாது, இருக்கவும் முடியாது. முதல் ரேங்க் வாங்கினவனும் ஆயிரமாவது ரேங்க் வாங்கினவனும் எம்.எஸ். சேருகிற அன்றைக்கு ஒரே நிலையில்தான் நிற்கிறார்கள். ரெண்டு பேருக்கும் ட்ரில் பிடிக்கத் தெரியாது. ஒதுக்கீடு வாசல் வரைக்கும்தான். உள்ளே போன பிறகு எல்லோருக்கும் ஒரே பரீட்சை, வெளியிலிருந்து வருகிற அதே தேர்வாளர்கள், ஒரே பாஸ் மார்க். எஸ்.சி.க்கு என்று தனியாகக் குறைந்த பாஸ் மார்க் எம்.எஸ். பரீட்சையில் கிடையாது. இது தெரியாமல் பேசுகிறவர்கள் கொஞ்சம். தெரிந்தே பேசுகிறவர்கள்தான் அதிகம்.

1999இல் பிரீத்தி ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவ மேற்படிப்பில் ஒதுக்கீட்டுப் பிரிவினரின் குறைந்தபட்ச மார்க்கை ரொம்பவும் இறக்கக் கூடாது, தரம் கெட்டுவிடும் என்றது. சூப்பர் ஸ்பெஷாலிட்டியில் ஒதுக்கீடே கூடாது என்றது. அகில இந்தியத் தொகுப்பு 1986இல் வந்தது. 2007 வரை அதில் எஸ்.சி., எஸ்.டி.க்கு ஒரு இடமும் ஒதுக்கப்படவில்லை. இருபத்தொரு வருஷம். எல்லாம் தகுதியைக் காப்பாற்றத்தான் என்று சொன்னார்கள்.

சரி, 2023இல் என்ன நடந்தது? நீட் பி.ஜி. இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று ஒன்றிய அரசு தகுதி வரம்பைப் பூஜ்ஜியம் பர்சன்டைலுக்கு இறக்கியது. எல்லாப் பிரிவுக்கும்தான். பரீட்சை எழுதியிருந்தாலே போதும், தகுதி வந்துவிடும். லட்சக்கணக்கில் பணம் கட்டிச் சேர வேண்டிய தனியார் கல்லூரி இடங்களுக்கும் இதுதான் வரம்பு. அன்றைக்கு எந்த அறிவுஜீவியும் 'பூஜ்ஜியத்திடம் ஆபரேஷன் பண்ணிக்குவியா' என்று கேட்கவில்லை. பணத்துக்காக இறங்கினால் 'இடம் வீணாகக் கூடாது.' சேரிக்காக இறங்கினால் 'உயிருக்கு ஆபத்து.' இதுதான் இவர்களின் தராசு.

இனி கைக்கு வருவோம்.

எங்கள் துறையில் எம்.எஸ். மூன்று வருஷம். முதலில் ஓ.பி. நெற்றியில் ஹெட் மிர்ரரைக் கட்டிக்கொண்டு, நோயாளியின் தோளுக்குப் பின்னால் எரிகிற விளக்கின் வெளிச்சத்தைக் காதுக்குள் விழவைக்கப் பழக வேண்டும். அதற்கே சில வாரம் ஆகும். பிறகு பிள்ளைகள் மூக்கில் திணித்துக்கொண்ட புளியங்கொட்டை, காதில் போன பாசிமணி, தொண்டையில் சிக்கின காசு, மூச்சுக்குழாயில் போன வேர்க்கடலை. அப்புறம் டான்சில். கழுத்தில் துளைபோட்டு மூச்சுக்கு வழிசெய்கிற டிராக்கியாஸ்டமி. மூக்குத் தண்டு. எண்டோஸ்கோப் வைத்து சைனஸ். இவற்றையெல்லாம் தாண்டித்தான் மாஸ்டாய்டு.

மாஸ்டாய்டு என்பது காதுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படுகிற எலும்பு. காதில் வருஷக்கணக்காகச் சீழ் வடிந்து, நோய் எலும்பை அரித்துக்கொண்டு உள்ளே போனால், அந்த எலும்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே ட்ரில்லால் குடைந்து நோயை எடுக்க வேண்டும். மேலே மூளையுறை. பின்னால் பெரிய ரத்தக்குழாய். உள்ளே, நாம் தள்ளாடாமல் நிற்பதற்குக் காரணமான அரைவட்டக் குழல்கள். நடுவில் முகநரம்பு. ட்ரில் கொஞ்சம் வழுக்கினால் போதும், நோயாளிக்கு ஆயுசுக்கும் வாய் கோணிக்கொள்ளும், கண் மூடாது. அதனால் இதைப் புஸ்தகம் படித்துக் கற்க முடியாது. பார்த்தும் கற்க முடியாது. முதலில் பிணத்திலிருந்து எடுத்த எலும்பில் குடைந்து பழக வேண்டும். பிறகு பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று, 'ம்... போ... நிறுத்து... கொஞ்சம் தண்ணி விடு... இப்ப போ' என்று சொல்லச் சொல்ல, உயிருள்ள எலும்பில் குடைய வேண்டும்.

அதாவது, கை கொடுத்தால்தான் கை வரும். ஒருத்தர் நம்பி ட்ரில்லைக் கையில் கொடுக்க வேண்டும். அந்த நம்பிக்கையை யார் மீது வைப்பது என்று முடிவு செய்கிறவர் யூனிட் சீஃப். அதற்கு விதி கிடையாது, பட்டியல் கிடையாது, மேல்முறையீடு கிடையாது. எங்கே விதி இல்லையோ அங்கே சாதிதான் விதி. ஊர்க் கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம் என்று எந்தப் பலகையிலாவது எழுதியா வைத்திருந்தார்கள்?

நான் மூன்று வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, 2008இல் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.எஸ். சேர்ந்தேன். முதல் நாளே விசாரணை. "தம்பி, நீ ஓப்பனா, கம்யூனிட்டியா?" "சர்வீஸ் கோட்டா, எஸ்.சி. சார்." "ம்ம்." அந்த 'ம்ம்'தான் அடுத்த மூன்று வருஷத்துக்கான டியூட்டி லிஸ்ட். எனக்கு வந்தவை: ராத்திரி டியூட்டி, மூக்கில் புழு வைத்த கேஸ், முற்றின தொண்டைப் புற்றுநோய்க்கு டிராக்கியாஸ்டமி, டிஸ்சார்ஜ் சம்மரி. கூடச் சேர்ந்த இன்னொருவருக்கு வந்தவை: மைக்ராஸ்கோப், ட்ரில், சீஃப் பக்கத்து நாற்காலி. தியேட்டரில் எனக்கு இருந்த உத்தியோகம் சக்‌ஷன் பிடிப்பது. அடுத்தவன் குடைகிற குழியிலிருந்து ரத்தத்தையும் தண்ணீரையும் உறிஞ்சி எடுத்து, அவன் கண்ணுக்குத் துலக்கமாக வைத்துக் கொடுப்பது. ஊரைத் துலக்கமாக வைத்துக் கொடுப்பதுதானே எங்களுக்கு எப்போதும் ஒதுக்கின வேலை!

ரெண்டாம் வருஷ முடிவில் கேட்டே விட்டேன். "சார், எனக்கு ஒரு மாஸ்டாய்டு கொடுங்க சார்."

சீஃப் கோபப்படவில்லை. ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்: "அவனுக்கு அப்பாவோட நர்சிங் ஹோம் இருக்குய்யா. நாளைக்கு வெளிய போய் அவன்தான் போடணும். நீ எப்படியும் கவர்ன்மென்ட்டுக்குத்தான போற? மாஸ்டாய்டு வந்தா ரெஃபர் பண்ணிடு. எதுக்கு ரிஸ்க்கு?"

இதில் எங்கே சாதி இருக்கிறது என்று கேட்பீர்கள். அவர் வாயிலிருந்து சாதிப் பெயர் வரவே இல்லையே! ஆமாம், வரவில்லை. நர்சிங் ஹோம் வைத்திருக்கிற அப்பா யாருக்கு இருப்பார், கூலிக்குப் போன அப்பா யாருக்கு இருப்பார் என்று எல்லோருக்கும் தெரிந்த ஊரில் சாதிப் பெயரை எதற்கு வாயால் சொல்ல வேண்டும்? ஏற்கெனவே வைத்திருப்பவனுக்கே கொடுப்பது. இல்லாதவனிடம் 'உனக்கு எதுக்கு' என்று கேட்பது. சொத்துக்கு மட்டும் அல்ல, திறமைக்கும் இதுதான் வாரிசுச் சட்டம்.

முழுதாகவும் சொல்லிவிட வேண்டும். தள்ளிவிட்ட ராத்திரிகள் எங்களுக்கு ஒன்றைக் கொடுத்தன. மூச்சு முட்டி நீலம் பாய்ந்து வருகிற ஆளுக்கு, சீஃப் வருகிற வரைக்கும் காத்திருக்காமல், கழுத்தைத் திறந்து குழாய் போட எங்களால் முடியும். பகலில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அந்த நேரத்தில் கை உதறுவதைப் பார்த்திருக்கிறேன். இது யார் ரத்தத்திலும் இல்லை. யாருக்கு எத்தனை முறை கிடைத்தது என்பதில்தான் இருக்கிறது. ஆனால் மாஸ்டாய்டு பெரும்பாலும் நாள் குறித்துப் பகலில் செய்கிற ஆபரேஷன். ராத்திரி அதைச் சொல்லித் தராது.

எங்கள் கையால் ஆகாது என்கிறவர்களுக்கு ஒரு விஷயம். நாங்கள் பழகுகிற அந்த எலும்பைப் பிணத்திலிருந்து ரம்பம் போட்டு எடுத்துக் கொடுப்பவர் யார்? மார்ச்சுவரி ஊழியர். தமிழ்நாட்டில் எந்த மார்ச்சுவரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பிணத்தைத் திறக்கிறவர், தைக்கிறவர், கழுவுகிறவர் பெரும்பாலும் எங்கள் சனம். டாக்டர் தள்ளி நின்று எழுதிக்கொள்வார். எங்கள் கல்லூரியில் அந்தப் பெரியவரை நாங்கள் 'அண்ணே' என்போம். முகநரம்பு சேதமாகாமல் அந்த எலும்பை அவர் எடுக்கிற அழகை எந்தப் பேராசிரியரும் மறுத்தது கிடையாது. நான் ராத்திரி டியூட்டிக்கு நடுவே லேபில் உட்கார்ந்து குடைந்து பழகியதெல்லாம் அவர் எடுத்துக் கொடுத்த எலும்பில்தான். செத்த உடம்பில் கத்தி வைப்பது எங்கள் கை. உயிருள்ள உடம்பில் வைக்கும்போது மட்டும் தரம் கெட்டுவிடுமாம்!

கொஞ்சம் சரித்திரத்தையும் பார்ப்போம். காது, மூக்கு, தொண்டை மூன்றின் மேலும் சாதி தன் சட்டத்தை எழுதியிருக்கிறது. வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்று, ஓதினால் நாக்கை அறு என்கிறது கௌதம தர்மசூத்திரம். அவர்ணனுக்கு அதைக் கேட்கிற தூரத்தில் நிற்கவே உரிமை இல்லை. பேஷ்வாக்களின் பூனாவில் தீண்டப்படாதவர் எச்சில் தரையில் விழக்கூடாது என்று கழுத்தில் கலயம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். எங்கள் தொண்டையின் எச்சிலுக்கே தீட்டு.

மூக்கின் கதை இன்னும் சுவாரஸ்யம். அறுபட்ட மூக்கை நெற்றித் தோலால் திரும்ப உண்டாக்குகிற ஆபரேஷனுக்கு உலகப் பாடப்புத்தகங்களில் 'இந்திய முறை' என்றே பெயர். எல்லா வகுப்பிலும் சுஸ்ருதர் பெயரைச் சொல்லித்தான் இதை ஆரம்பிப்பார்கள். ஆனால் ஐரோப்பா இதைத் தெரிந்துகொண்டது எப்படி? 1794இல் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' பத்திரிகையில் வந்த ஒரு கடிதம். ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்கிற மராட்டியர் மைசூர்ப் போரில் பிடிபட்டு மூக்கறுபட்டார். பூனா பக்கத்தில் ஒருவர் நெற்றித் தோலை மடித்து இறக்கி அவருக்கு மூக்கு வைத்தார். அதைப் படித்துத்தான் லண்டனில் ஜோசப் கார்ப்யூ பிணங்களில் பழகி, 1814இல் உயிருள்ள நோயாளிக்குச் செய்தார். நவீன பிளாஸ்டிக் சர்ஜரியின் தொடக்கங்களில் ஒன்று அது. பூனாவில் மூக்கு வைத்தவர் யார்? செங்கல் அறுக்கும் சாதிக்காரர் என்று அந்தக் கடிதமே சொல்கிறது. மாட்டுவண்டிக்காரர் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. கத்தி பிடித்தவர் பெயர் இல்லை. செங்கல் அறுக்கிற கை மூக்கை ஒட்டவைத்தது. பெருமை சமஸ்கிருதத்துக்குப் போனது.

நம் ஊரிலும் அப்படித்தான். கட்டியை அறுத்தவர், பிரசவம் பார்த்தவர் நாவிதர் குடும்பங்கள். அந்தச் சாதிக்கே மருத்துவர் என்று பெயர். ரத்தமும் சீழும் தீட்டாக இருந்த காலமெல்லாம் கத்தி கீழே உள்ளவன் கையில் இருந்தது. கத்திக்குச் சம்பளமும், ஏ.சி. தியேட்டரும், போர்டில் பெயரும் வந்த பிறகு அது 'திறமை' ஆகி மேலே போய்விட்டது. இதைச் சொல்வதால் அறுவை எங்கள் சாதி ரத்தத்தில் ஊறியது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அது அவர்களின் பேச்சு. பிறப்பில் திறமை என்று ஒன்று கிடையாது. செய்கிறவனுக்கு வரும்; செய்யவிடாதவனுக்கு வராது. அவ்வளவுதான்.

செய்யவிடாமல் வைப்பது ஒரு யூனிட்டின் கதை அல்ல. டில்லி எய்ம்ஸில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் படும் பாட்டை விசாரித்த தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர்களின் பாராமுகமும் செய்முறைத் தேர்வுகளின் பாரபட்சமும் அதில் பதிவாகியிருக்கின்றன. 2019இல் மும்பையில் பாயல் தட்வி என்கிற பழங்குடி மாணவி உயிரை விட்டார். மகப்பேறு மருத்துவ மேற்படிப்பு. சீனியர்கள் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதோடு, பிரசவம் பார்க்கவும் விடவில்லை என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. வசை காதில் விழும், சாட்சி கிடைக்கும். கேஸ் கொடுக்காமல் இருப்பதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது. அதனால்தான் அது இத்தனை வசதியான ஆயுதம். நம் பெண்களுக்கு இது இன்னும் மோசம். 'எலும்பு குடையறதுக்கு ஆம்பளை கை வேணும்மா' என்று சொல்லியே மூன்று வருஷத்தைக் கடத்திவிடுவார்கள்.

இதனால் நஷ்டம் எங்கள் பட்டத்துக்கு மட்டுமா? காதில் சீழ் வடிகிற நோய் யாருக்கு வருகிறது? ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு. அடிக்கடி சளி பிடித்து, சத்துக் குறைந்த பிள்ளைக்கு. "காது ஒழுவுது சார், கோழி றெக்கையால தொடச்சிவுட்டோம்" என்று கூட்டிவருகிற பாட்டியின் பேரனுக்கு. அது கவனிக்கப்படாமல் போனால் செவிடு. இன்னும் உள்ளே போனால் மூளையில் சீழ்க்கட்டி. அந்தப் பிள்ளை வருவது என்னைப் போன்றவன் உட்கார்ந்திருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குத்தான், நர்சிங் ஹோமுக்கு அல்ல. என் கைக்கு மாஸ்டாய்டு கொடுக்காதவர் உண்மையில் அந்தப் பிள்ளையிடமிருந்துதான் அதைப் பிடுங்கினார். 'ரெஃபர் பண்ணிடு' என்று சொல்வது சுலபம். பஸ் காசு, போன நாளுக்கெல்லாம் போகிற கூலி, பட்டணத்தில் படுக்க இடம்? பாதிப் பேர் போவதே இல்லை. நான் எம்.எஸ். முடித்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு வந்த பிறகுதான், அங்கிருந்த சீனியர் ஒருவர் என் பக்கத்தில் நின்று ட்ரில்லைக் கையில் கொடுத்தார். மூன்று வருஷத்தில் வர வேண்டிய கை ஐந்து வருஷத்தில் வந்தது. நடுவில் திரும்பிப் போன காதுகளுக்கு யார் கணக்கு?

'சீஃப் நல்ல கைக்குத்தான் கேஸ் கொடுப்பார், நோயாளி உயிர் முக்கியமில்லையா' என்பார்கள். முக்கியம்தான். அப்படியானால் கையைச் சோதியுங்கள். எலும்பு லேபில் எல்லோரையும் குடையச் சொல்லி, பெயரை மறைத்து மார்க் போடுங்கள். தேறினவருக்கெல்லாம் முறை வைத்து ட்ரில்லைக் கொடுங்கள். இதற்கு ஏன் சம்மதிக்கமாட்டேன் என்கிறீர்கள்? தகுதியின் மேல் அத்தனை பக்தி இருக்கிறவர்கள் தகுதியை அளப்பதற்கு ஏன் பயப்படுகிறீர்கள்?

அளக்கிற கருவியும் கையிலேயே இருக்கிறது. மேற்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் லாக் புக் எழுத வேண்டும், எந்த ஆபரேஷனில் உதவினார், எதைச் சுயமாகச் செய்தார் என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2000ஆம் வருஷ விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ரெண்டே பத்தி: 'உதவியது', 'செய்தது'. என் லாக் புக்கில் மாஸ்டாய்டுக்கு நேராக 'உதவியது' பத்தி நிரம்பி வழிந்தது. 'செய்தது' பத்தி கடைசி வரை காலி. பரீட்சைக்கு முன்னால் அதில் கையெழுத்துப் போட்டவர் யாரும் ஏன் காலி என்று கேட்கவில்லை. இந்த ரெண்டு பத்தியைச் சாதிவாரியாக, பால்வாரியாகக் கூட்டிப் பார்த்தால் போதும். எல்லாச் சொல்லாடலும் முடிந்துவிடும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு யூனிட்டிலும் யாருக்கு எந்த கேஸ் என்பது முறைவைத்து எழுதி ஒட்டப்பட வேண்டும். லாக் புக் கணக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியிடப்பட வேண்டும். வெளியாட்களும் எஸ்.சி., எஸ்.டி. பிரதிநிதிகளும் உள்ள குழு அதைச் சோதிக்க வேண்டும். ஒரு மாணவருக்கு 'செய்தது' பத்தி காலியாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் மாணவர் அல்ல, சீஃப். இடம் வாங்கினோம், சரி. இனி கத்தியிலும் பங்கு வேண்டும். இடஒதுக்கீட்டுப் போராட்டம் அட்மிஷன் லிஸ்ட்டோடு முடிந்துபோனதாக நினைக்கிற தோழர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

காதுக்குள் ஒலி வந்து மோதுகிற சவ்வுக்குத் தமிழில் செவிப்பறை என்று பெயர். பறையைத் தீட்டு என்கிறவன் காதுக்குள்ளும் பிறந்ததிலிருந்து ஒரு பறை கட்டித்தான் இருக்கிறது. அது கிழிந்தால் தைக்க எங்களுக்குத் தெரியும்.

தியேட்டரில் சக்‌ஷன் பிடித்துக்கொண்டு நிற்கிற தம்பிகளே, தங்கச்சிகளே, உங்கள் லாக் புக்கை உள்ளபடி எழுதுங்கள். சீஃப் மனம் கோணும் என்று 'உதவியது' என்பதை 'செய்தது' என்று மாற்றி எழுதாதீர்கள். காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள். அதை நகல் எடுத்துப் பெயர், கல்லூரி இல்லாமல் இந்த இதழுக்கு அனுப்புங்கள். பக்கம் பக்கமாகப் போடச் சொல்லிக் கேட்போம்.